அமெரிக்கத் தரைப்படையின் இன்ச் டேப் சோதனை: சுற்றளவைக் கொண்டு உடற்கொழுப்பைக் கணிப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

படைவீரர் ஒருவரின் வயிற்றைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்து, அந்த அளவிலிருந்து அவர் உடலில் எத்தனை விழுக்காடு கொழுப்பு இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் அமெரிக்கப் படைகளில் நாற்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஒருவரின் பதவி உயர்வையும் வேலையையும் தீர்மானிக்கக்கூடிய இந்த அளவீட்டைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கணக்குகளில் பவுண்டும் அங்குலமும் வருவதற்குக் காரணம், அந்தச் சமன்பாடுகள் அந்த அலகுகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பதே.

எடைபோட்டுப் பார்த்தால் போதாதா? கொழுப்பை ஏன் தனியாகக் கணிக்க வேண்டும்?

எடை மட்டும் பார்த்தால் தவறு நேரும் என்பதை 1942ஆம் ஆண்டிலேயே ஒருவர் காட்டிவிட்டார். அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் பென்கே முக்குளிப்பவர்களின் உடலியலை ஆராய்ந்தவர். கொழுப்புத் திசு நைட்ரஜனை அதிகம் உறிஞ்சிக்கொள்வதால், முக்குளிப்பவரின் உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது அவருக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. அவரும் அவருடன் பணியாற்றியவரும் 25 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்குள் வைத்து எடைபோட்டு, அவர்களின் உடல் அடர்த்தியைக் கணக்கிட்டனர். அந்நாளைய உயரம் - எடை அட்டவணையின்படி அவர்களில் 17 பேர் மிகை எடையினர். படைச் சேவைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட வேண்டியவர்கள். ஆனால் அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோரின் உடல் அடர்த்தி மிக அதிகமாக இருந்தது. அதாவது, அவர்களின் கூடுதல் எடை தசையே. நாட்டிலேயே வலிமையான உடல்களை எடைக்கருவி குண்டு என்று ஒதுக்கியிருக்கும். இன்று டேப் சோதனை என்ற ஒன்று இருப்பதற்கான நியாயம் முழுவதும் இந்த ஒரு ஆய்விலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

உயிரோடிருப்பவரின் கொழுப்பை எப்படி அளக்கிறார்கள்? நாடா அதில் எங்கே வருகிறது?

நேரடியாக அளக்க வழியில்லை. எல்லா முறைகளும் ஏதோ ஒரு வகையில் ஊகமே. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், தசை, எலும்பு, நீர் ஆகியவை சேர்ந்த எஞ்சிய பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒருவரின் மொத்த அடர்த்தி தெரிந்தவுடன் கொழுப்பின் பங்கைக் கணக்கிட்டுவிடலாம். 1961இல் வெளிவந்த, வில்லியம் சிரி என்ற ஆய்வாளரின் சமன்பாடு இதைத்தான் செய்கிறது: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4 விழுக்காடு.

ஆனால் முகாம்தோறும் தண்ணீர்த் தொட்டி கட்டி ஆயிரக்கணக்கானோரை முக்கி எடுக்க முடியாது. ஆகவே ஆய்வகத்தில் சில நூறு பேரைத் தொட்டியில் எடைபோட்டு, அவர்களின் கழுத்து, வயிறு, இடுப்பு முதலிய சுற்றளவுகளையும் எடுத்து, எந்தச் சுற்றளவுகளைச் சேர்த்தால் தொட்டி சொன்ன விடைக்கு மிக நெருங்கி வரலாம் என்று புள்ளியியல் வழியே கண்டார்கள். நாடா சொல்லும் விழுக்காடு இப்படிப் பிறந்த கணிப்பு. நாடா உண்மையில் அளப்பது சுற்றளவை மட்டுமே என்பதை இந்தப் பக்கம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இது படைகளுக்குள் எப்போது வந்தது?

1981இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, எல்லாப் படைகளும் எடைக்கு மேலாக உடற்கொழுப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. தரைப்படை முதலில் தோல்மடிப்பு அளவியைக் கையாண்டது. உடலின் நான்கு இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனை அளப்பார்கள். கிள்ளுகிறவரின் கைக்கேற்ப விடை மாறியது, நல்ல பயிற்சி பெற்றவர்களும் போதுமான அளவில் கிடைக்கவில்லை. எனவே 1986இல் தரைப்படை நாடாவுக்கு மாறியது. இதற்கிடையே கடற்படையின் ஆய்வாளர்களான ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் 1984இல் வெளியிட்ட சமன்பாடுகள் பின்னர் எல்லாப் படைகளுக்கும் பொதுவாயின.

அந்தப் பழைய சமன்பாட்டில் கழுத்து எதற்கு?

ஆண்களுக்கான கணக்கு இது: வயிற்றுச் சுற்றளவிலிருந்து கழுத்துச் சுற்றளவைக் கழித்து, அதன் மடக்கையை (10ஐ அடிமானமாகக் கொண்டது) 86.010ஆல் பெருக்க வேண்டும். உயரத்தின் மடக்கையை 70.041ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும், கடைசியில் 36.76ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு இடையும் (வயிற்றின் ஒடுங்கிய பகுதி) இடுப்பும் (பின்புறத்தின் அகன்ற பகுதி) கூட்டப்பட்டு, கழுத்து கழிக்கப்பட்டது.

வயிறு கொழுப்பின் அடையாளம். கழுத்து, தசையும் எலும்பும் சேர்ந்த உடற்கட்டின் அடையாளம். பருத்த உடற்கட்டு உள்ளவரின் வயிறும் இயல்பாகவே சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால் கழுத்தைக் கழித்து அதைச் சமன் செய்தார்கள். காகிதத்தில் இது நியாயமான யோசனை. நடைமுறையில், கழுத்து ஓர் அங்குலம் தடித்தால் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கொழுப்பு "குறைந்துவிடும்" என்பதைக் கண்டுகொண்ட வீரர்கள், டேப் நாள் நெருங்கும்போது தோள்பட்டையையும் கழுத்தையும் தடிக்க வைக்கும் உடற்பயிற்சியில் இறங்கினார்கள். ஒரு கொழுப்புச் சோதனைக்குக் கழுத்தை வளர்த்துத் தயாராவது வேறெங்கும் கேட்டிராத காட்சி.

2023இல் என்ன மாறியது?

தரைப்படை 2021 அக்டோபரில் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, 2023 ஜூனில் ஒரே இடத்தில் அளக்கும் புதிய முறையை அறிவித்தது. கழுத்து போயிற்று, பெண்களின் இடுப்பு போயிற்று, உயரமும் போயிற்று. எஞ்சியவை இரண்டு: தொப்புளுக்கு நேரான வயிற்றுச் சுற்றளவு (அங்குலம்), உடல் எடை (பவுண்ட்).

ஆண்கள்: வயிற்றுச் சுற்றளவு × 1.99, கழித்தல் எடை × 0.12, கழித்தல் 26.97.

பெண்கள்: வயிற்றுச் சுற்றளவு × 1.27, கழித்தல் எடை × 0.015, கழித்தல் 9.15.

விடை முழு எண்ணாக்கப்படும். ஓராண்டுக் காலம் பழைய முறையும் கூடவே இருந்தது. அதன்பின் ஒரே நாடாச் சுற்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

32 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 70 அங்குலம், எடை 200 பவுண்ட் (சுமார் 91 கிலோ), கழுத்து 16 அங்குலம், வயிறு 38 அங்குலம். அவர் வயதினருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 24 விழுக்காடு.

பழைய சமன்பாட்டில் அவருக்கு 22.99 வருகிறது, அதாவது 23, தேர்ச்சி. புதிய சமன்பாட்டில் 75.62இலிருந்து 24ஐயும் 26.97ஐயும் கழிக்க 24.65 வருகிறது, அதாவது 25, தோல்வி. ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே உடல். இனி அவருடைய வயிறு 38க்குப் பதிலாக 37.5 அங்குலம் என்று பதிவாகியிருந்தால் புதிய கணக்கு 23.66 ஆகி, 24 என்று முழுமையாகி, அவர் தேறிவிடுவார். ஒரு கனமான மூச்சுக்குள் அடங்கிவிடும் அரை அங்குலம் அது.

மேலே உள்ள கணக்கில் எடை கழிக்கப்படுகிறதே! எடை கூடினால் கொழுப்பு குறையுமா?

பலரையும் குழப்பும் இடம் இது. அதே மனிதர் 38 அங்குல வயிற்றுடன் 210 பவுண்ட் எடையுள்ளவராக இருந்தால் விடை 23.45, பத்துப் பவுண்ட் கூடியதால் தேறிவிடுகிறார். இது பிழை அல்ல. வயிறு ஒரே அளவில் இருக்கும் இரண்டு ஆண்களில் ஒருவர் அதிக எடையுள்ளவர் என்றால், அந்தக் கூடுதல் எடை பெரும்பாலும் தோள், மார்பு, தொடை ஆகியவற்றின் தசையிலும் எலும்பிலும்தான் இருக்க வேண்டும். பழைய முறையில் கழுத்து செய்த வேலையை இப்போது எடை செய்கிறது, அவ்வளவுதான்.

இதன் நடைமுறைப் பொருள் ஒன்றுண்டு. சோதனைக்கு முந்தைய வாரம் பட்டினி கிடந்தும் வியர்வை வடித்தும் ஐந்து பவுண்ட் இறக்கிய ஆண் வீரருக்கு, வயிறு குறையவில்லை என்றால், விழுக்காடு 0.6 ஏறத்தான் செய்யும். எடை அட்டவணையைத் தாண்டாமல் இருக்கும் அளவுக்கு இறக்கினால் மட்டுமே அந்தப் பட்டினிக்குப் பலன் உண்டு.

எடை அட்டவணை என்பது என்ன? எல்லோருக்கும் டேப் பிடிப்பதில்லையா?

இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட முறையில் முதலில் உயரமும் எடையும். ஒவ்வோர் உயரத்துக்கும் வயதுக்கும் ஓர் எடை உச்சம் அட்டவணையில் இருக்கிறது. 70 அங்குல ஆணுக்கு அது வயதைப் பொறுத்து 180 முதல் 192 பவுண்ட் வரை. அதற்குள் இருந்தால் நாடா வெளியே வராது. அதைத் தாண்டினால் மட்டுமே டேப். அப்போது ஆண்களுக்கான உச்சம் 17-20 வயதில் 20 விழுக்காடு, 21-27இல் 22, 28-39இல் 24, நாற்பதுக்கு மேல் 26. பெண்களுக்கு அதே வயது வரிசையில் 30, 32, 34, 36.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. தசை குறைந்து தொப்பை மட்டும் வைத்திருப்பவர் எடை அட்டவணைக்குள் அடங்கிவிடுவதால் அவரை யாரும் அளப்பதே இல்லை. பென்கே காட்டிய தவறு தசைக்காரரைக் குண்டு என்பது. மெலிந்த தோற்றத்தில் ஒளிந்திருக்கும் கொழுப்பைத் தவறவிடுவது அதன் மறுபக்கம். முதல் தவறைத் திருத்தத்தான் நாடா கொண்டுவரப்பட்டது. அந்த முறையில் இரண்டாவது தவறு அப்படியே நீடித்தது.

உடற்திறன் தேர்வில் நன்றாகச் செய்பவருக்குச் சலுகை உண்டா?

உண்டு. 2023 மார்ச்சில் வந்த ஆணைப்படி, அப்போதைய தரைப்படை உடற்திறன் தேர்வில் 600க்கு 540 புள்ளிகளும் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 80 புள்ளிகளும் எடுத்தவருக்குக் கொழுப்பு அளவீட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025 ஜூனில் அந்தத் தேர்வே மாற்றப்பட்டது. அளவீட்டின் இறுதி நோக்கம் உடல் வேலை செய்கிறதா என்பதே என்றால், வேலை செய்து காட்டியவரை நாடாவிலிருந்து விடுவிப்பது சரியான முடிவு. இவ்வளவு தாமதமாக வந்ததுதான் வியப்பு.

அளக்கும்போது என்ன விதிகள் பின்பற்றப்படுகின்றன?

நாடா நீளாத கண்ணாடியிழையால் ஆனதாக இருக்க வேண்டும். தையற்காரரின் துணி நாடா நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். வீரர் கைகளைத் தொங்கவிட்டுத் தளர்வாக நிற்க, இயல்பாக மூச்சை வெளிவிட்டு முடிக்கும் தருணத்தில், தொப்புள் மட்டத்தில், தரைக்கு இணையாக, உடையின் மீதன்றித் தோலின் மீது நாடா படிய வேண்டும். தோலை அமுக்கக் கூடாது. ஒருவர் நாடாவைப் பிடிக்க, மற்றொருவர் அது முதுகுப்பக்கம் சாயாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்வார். ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுக்கப்படும். அரை அங்குலத்துக்குக் குறைந்த மிச்சம் வீரருக்குச் சாதகமாகக் கீழ்நோக்கி விடப்படும்.

இந்த விதிகளில் ஒன்று தளர்ந்தாலும் விடை மாறும். நாடா முதுகுப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கினால் சுற்று நீள்கிறது. வயிற்றை எக்கினால் குறைகிறது.

சரி, எவ்வளவு துல்லியம்?

ஹாட்ஜ்டன் - பெக்கெட் சமன்பாடுகளின் திட்டப்பிழை ஆண்களுக்கும் பெண்களுக்கும் மூன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அதாவது நாடா 24 என்று சொன்னால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு உண்மை மதிப்பு 20.5க்கும் 27.5க்கும் இடையில் எங்கோ இருக்கும். மீதிப் பேருக்கு அதற்கும் வெளியே. நூறு பேரின் சராசரியைச் சொல்ல இது தாராளமாகப் போதும். ஒரு தனிமனிதர் 24இல் நிற்கிறாரா 25இல் நிற்கிறாரா என்று தீர்ப்புச் சொல்ல இது போதாது. நாடா நல்ல சல்லடை. அதை நீதிபதியாக்கியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அதனால்தான் 2023 ஆணை ஒரு மேல்முறையீட்டு வழியைத் திறந்தது. நாடாவில் தோற்றவர், வசதி உள்ள இடத்தில், இரட்டை ஆற்றல் எக்ஸ்-கதிர் கொண்ட டெக்ஸா ஸ்கேனையோ, காற்று இடப்பெயர்ச்சியால் உடல் கன அளவைக் காணும் பாட் பாட் (Bod Pod) கருவியையோ, மின்தடை வழியே கணிக்கும் இன்பாடி 770 கருவியையோ கேட்டுப் பெறலாம். இவையும் பிழையற்றவை அல்ல. மின்தடைக் கருவியின் விடை, அதற்குச் சற்று முன் எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும்.

ஏமாற்று வழிகள் உண்டு என்கிறார்களே?

உண்டு. மூலநோய்க்குத் தடவும் களிம்பை வயிற்றில் பூசி பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு இரவு முழுவதும் படுப்பது, பேதி மருந்து, நீராவி அறை, தண்ணீரே குடிக்காமல் இருப்பது, அறுவைச் சிகிச்சை மூலம் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வரை செய்திகளில் வந்திருக்கின்றன. இவற்றில் பலவும் கொழுப்பில் ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. கோடை வெயிலில் ஓட வேண்டிய ஒருவர் உடல்நீரை வற்றவிட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்தானது. உடல்நலத்துக்காக வைக்கப்பட்ட சோதனை உடல்நலத்தைக் கெடுக்கும் வழியில் ஒருவரைத் தள்ளுகிறது என்றால், பிழையின் ஒரு பங்கு சோதனையின் தண்டனை அமைப்பிலும் இருக்கிறது.

பெண்களுக்கு இந்த முறை பொருந்துகிறதா?

ஆண்களுக்குப் பொருந்துவதைவிடச் சற்றுக் குறைவாகவே. ஆண்களின் உபரிக் கொழுப்பு முதலில் வயிற்றில் சேர்வதால் ஒரே சுற்றளவு பெரும்பாலான செய்தியைச் சொல்லிவிடுகிறது. பெண்களுக்கு அது இடுப்பு, தொடை, பின்புறம், கைகள் என்று பரவிச் சேர்கிறது. யாருக்கு எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பழைய முறை இடுப்பையும் கூட்டியதால், இயல்பிலேயே அகன்ற இடுப்புள்ள பெண்ணுக்கு அது பாதகமாக இருந்தது. அந்தக் கொழுப்பு நோய் வரவழைக்கும் வகையும் அல்ல. நோயோடு நெருங்கிய உறவுடையது குடல்களைச் சூழ்ந்து சேரும் வயிற்றுக் கொழுப்பே. அந்த வகையில் தொப்புள் மட்டத்தில் மட்டும் அளப்பது பெண்களுக்கு நன்மையே.

பெண்களுக்கான சமன்பாட்டில் எடை கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. 20 பவுண்ட் கூடினாலும் 0.3 விழுக்காடு மட்டுமே மாறும். ஆகவே தசை வளர்த்த பெண் வீரருக்கு, ஆண்களுக்குக் கிடைக்கும் கழிவு கிடைப்பதில்லை. கனமான சுமையைத் தூக்கிச் செல்வதில் பெரிய உடலுள்ள பெண்கள் பெரும்பாலும் மேலாகச் செயல்படுவார்கள் என்பதால் இது கவனிக்க வேண்டிய குறை. 1991இல் பெண்களுக்கான உச்ச வரம்பு தளர்த்தப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரையும் விலக்கு உண்டு.

தோற்றால் என்ன ஆகும்?

பெயருக்கு எதிரே ஒரு தடைக்குறி விழும். பதவி உயர்வும், பயிற்சிப் பள்ளிகளுக்குப் போவதும், விருதுகளும் நிற்கும். உடலமைப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, மாதம் 3 முதல் 8 பவுண்ட் எடையோ ஒரு விழுக்காடு கொழுப்போ குறைத்துக்காட்ட வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் பணிநீக்கம் வரை போகலாம்.

மற்ற படைகள்?

வான்படை 2023இல் விழுக்காட்டுக் கணக்கு எதுவுமின்றி, இடையின் சுற்றளவை உயரத்தால் வகுக்கும் எளிய விகிதத்துக்கு மாறியது, 0.55ஐ எட்டினால் அதிக ஆபத்து என்று கொள்ளப்படும். மரீன் படை நாடாவை வைத்துக்கொண்டது, ஆனால் தோற்றவரை இறுதி முடிவுக்கு முன் டெக்ஸா அல்லது மின்தடைக் கருவிக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. எனக்கு வான்படையின் வழி பிடித்திருக்கிறது. சுற்றளவை அளந்துவிட்டு அதைச் சுற்றளவு என்றே அழைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கொழுப்பு குறையக் குறைய வீரர் சிறந்தவராவாரா?

இல்லை. அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பயிற்சியில், எட்டு வாரம் குறைந்த உணவும் குறைந்த உறக்கமுமாக இருந்த இளைஞர்களை கார்ல் ஃபிரீடல் தலைமையிலான குழு ஆராய்ந்தது. தொடக்கத்தில் சராசரி 14 விழுக்காட்டை ஒட்டி இருந்த கொழுப்பு ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 4 அல்லது 5 விழுக்காட்டை எட்டியவர்களின் உடல் அதற்குமேல் கொழுப்பை விட்டுக்கொடுக்காமல் தசையைக் கரைக்கத் தொடங்கியது. ஆண் இயக்குநீர்களும் (ஹார்மோன்கள்) சரிந்தன. அந்த மனிதர்களுக்குக் கைவசம் இருந்த கொழுப்பே எட்டு வாரம் தாங்க உதவிய சேமிப்பு. ஆகவே உச்ச வரம்பு மட்டும் போதாது, கீழ் எல்லையையும் கவனிக்க வேண்டும். அங்கே நாடாவால் பயனில்லை, ஏனெனில் வயிற்றுக் கொழுப்பு தீர்ந்த பிறகு அந்தச் சுற்றளவு எதையும் சொல்வதில்லை.

இந்தச் சமன்பாட்டில் என் அளவைப் போட்டுப் பார்க்கலாமா?

போட்டுப் பார்க்கலாம், நம்பிவிட வேண்டாம். பணியில் இருக்கும் அமெரிக்க வீரர்களின் உடல்களைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கு, மேசைமுன் இருபது ஆண்டு அமர்ந்த ஒருவரின் உடலுக்கு அப்படியே பொருந்தாது. குறிப்பாக ஆண்களுக்கான சமன்பாடு கூடுதல் எடையைத் தசை என்று எண்ணிக்கொள்கிறது. நம்மில் பலருக்கு அந்த ஊகமே தவறாகிவிடும். தெற்காசியர்களுக்கு, அதே பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியீடு) உள்ள ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 23 முதலே கவனம் தேவை என்றது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியருக்கான இடைச் சுற்றளவு எல்லையை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று வைத்திருக்கிறது.

வீட்டில் செய்ய எளியது, இடைச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே. 168 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 84 செ.மீ. ஒரே ஓர் எச்சரிக்கை: கால்சட்டையின் அளவு எண்ணை இடைச் சுற்றளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொப்பை உள்ளவர்கள் கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால், 34 அளவு போடுகிறவருக்குத் தொப்புள் மட்டத்தில் 38 அங்குலம் இருப்பது சாதாரணம்.